கொள்ளிடக் கரையில் பிந்தி வந்த கதைகள்

ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குத் திடீரென்று கதை எழுத வருமா? வந்தால் அது இத்தனை நாள் எங்கே கிடந்தது? தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலருக்கும் முதலில் சிரிப்புதான் வருகிறது. நம் இலக்கிய நினைவில் மேதைகள் எல்லாம் அவசரமாகப் போய்ச் சேர்ந்தவர்கள். ராஜமய்யர் 26 வயதில் போனார், பாரதி 38 வயதில், புதுமைப்பித்தன் 42 வயதில். எழுத்து என்பது இளமையில் பற்றி எரிய வேண்டியது, தலை நரைத்த பிறகு எழுதுவது பொழுதுபோக்கு என்ற எண்ணம் இதிலிருந்துதான் ஊறியது. ஆனால் தமிழ் உரைநடைக் கதையின் தொடக்கங்களைத் தேடிப் போனால் வேறு ஒரு படம் தெரிகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தை நடுவில் வைத்து, கொள்ளிடத்தின் இரு கரைகளிலும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்துக்கு வடக்கே, ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதையொட்டித் தமிழ்நாட்டுக்கு வந்து, அதன் பிறகு அரிச்சுவடியிலிருந்து தமிழ் படித்தவர். 3,615 பாடல் கொண்ட தேம்பாவணியைத்தான் அவர் தம் வாழ்நாள் படைப்பாகக் கருதியிருக்க வேண்டும். ‘பரமார்த்த குருவின் கதை’ அதற்கெல்லாம் பிந்தியது. ஐம்பதையொட்டியோ அதன் பிறகோ, தமிழ் கற்க வரும் சக பாதிரிமாருக்கு வாசிப்புப் பயிற்சியாக எழுதப்பட்ட சின்ன நூல் அது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள். ‘சுர்’ என்று சத்தம் வந்ததும் ஆறு சீறுகிறது என்று அலறி ஓடுகிறார்கள். 1822இல் பாபிங்டன் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். காப்பியத்தைப் புலவர்கள் மதித்தார்கள். குருவையும் சீடர்களையும் பாட்டிமார் வரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எந்தத் திண்ணையிலும் இந்தக் கதையை, யார் எழுதியது என்று தெரியாமலே, யாராவது சொல்லக்கூடும். தம்மிடம் இப்படி ஒரு நகைச்சுவைக் கதைக்காரர் இருக்கிறார் என்பது காப்பியம் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த முனிவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆற்றின் மறுகரைக்குத் தெற்கே மாயூரம். வேதநாயகம் பிள்ளை அங்கே முன்சீப். 1826இல் திருச்சிராப்பள்ளிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று படிப்படியாக மேலே வந்து 1857இல் முன்சீப் ஆனார். 1859இல் நீதிநூல், பிறகு கீர்த்தனைகள் என்று செய்யுளில் நிறைய எழுதினார். வேலையிலிருந்து விலகிய பிறகுதான் நாவல். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியபோது அவருக்கு வயது 53ஐ ஒட்டி. தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஓய்வு பெற்ற ஓர் அரசு ஊழியர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அதில் வியக்க ஏதாவது இருப்பதாக அவை நினைப்பதில்லை.

அவர் எங்கிருந்து உரைநடை கற்றார் என்பதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று, 1805 முதல் வந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து வெளியிட்டார். தீர்ப்புச் சுருக்கம் என்பது என்ன? யார் யாருக்கு என்ன உறவு, யார் என்ன செய்தார், எதை மறைத்தார், கடைசியில் என்ன ஆயிற்று. ஒரு வழக்கை ஒரு பத்தியில் அடைக்கத் தெரிந்தவருக்குக் கதைச் சுருக்கம் கைவந்துவிட்டது என்றே பொருள். இதோடு கூண்டில் ஏறிப் பொய்யும் மெய்யும் கலந்து சொன்னவர்களின் வாய்ச்சொல்லை ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறார். நாவலில் வரும் கிளைக்கதைகள், பொய்ச்சாட்சி, வாதப்பிரதிவாதம், நீதிமன்றத்தில் தமிழில் வாதாட வேண்டும் என்று நீளமாக வரும் பிரசங்கம் எல்லாம் அந்தக் கூண்டின் அருகிலிருந்து வந்தவை. நாவலாகப் பார்த்தால் அது தளர்வான நூல்தான். எவ்வளவு மூப்பில் எழுதினாலும் கட்டுக்கோப்பு தானாக வந்துவிடாது என்பதற்கும் அதுவே சான்று. ஆனால் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் பகுதியில் அந்த முன்சீப் எவ்வளவு உல்லாசமாக எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தால்தான் தெரியும்.

மூன்றாமவர் கதை எழுதியவர் அல்லர். இருந்தாலும் அவரை விட முடியாது. உ.வே. சாமிநாதையரின் இளமையின் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் கழிந்தது. அவர் தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் ஜமீனில் வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். ஊர் ஊராக இராமகதை சொல்லிக் குடும்பம் நடத்தினார். அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்திலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அந்தப் பிள்ளை தமிழ் படித்தது. பிறகு ஐம்பது ஆண்டு ஏடு தேடுவதும் பதிப்பிப்பதுமாகப் போயிற்று. அடிக்குறிப்பு எழுதிய கை அது. கதை சொல்லும் கை என்று யாரும் நினைத்ததில்லை. தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 34இல் எழுதி முடித்த பிறகு, எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், தாம் கண்டதையும் கேட்டதையும் சின்னச் சின்ன உரைநடைச் சித்திரங்களாக எழுதினார். 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியது. அப்போது அவர் 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். 122 அத்தியாயங்களோடு, முடியாமலே நின்றது.

அரியலூர்ப் பகுதிகளைப் படித்தால், சம்பவத்தை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, ஒரு மனிதரை எந்தச் செயலில் காட்டுவது என்பதெல்லாம் நாவலாசிரியனின் தேர்ச்சியாகவே இருக்கும். தந்தை கதை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது எப்போதோ பிடிபட்டிருக்கிறது. பயன்படுத்த எழுபது ஆண்டு ஆயிற்று.

இந்த மூவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அவர்கள் பெரிதாக மதித்தது வேறொன்று: காப்பியம், நீதிநூல், பழந்தமிழ்ப் பதிப்பு. அவர்கள் காலத்தில் உரைநடைக் கதை மதிப்புக் குறைந்த சரக்கு. பயிற்சிப் பாடமாக, ஓய்வுநேர வேலையாக, பத்திரிகைக்காரர் கேட்டார் என்பதற்காக எழுதினார்கள். திறமை அங்கேதான் இருந்தது. மறைந்து கிடந்த திறமை என்று நாம் சொல்வது பெரும்பாலும், நாம் தலையில் தூக்கி வைத்திருக்கும் ஒன்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. வயது ஆக ஆக அந்தத் தலைச்சுமையை இறக்கி வைக்கத் துணிவு வருகிறது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் தலைச்சுமை மாறுகிறது. செய்யுளின் இடத்தில் எழுத்துத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் இடைசெவலில் பிறந்தவர்கள், ஒன்றாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி இருபதுகளிலேயே எழுத்தாளர், பிறகு பத்திரிகையாளர். ராஜநாராயணன் ஊரிலேயே விவசாயம், நோய், விவசாயிகள் சங்கம், சங்கீதப் பித்து என்று இருந்தார். பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. ‘மாயமான்’ சரஸ்வதியில் வந்தது 1950களின் கடைசியில். முதல் நாவலான ‘கோபல்ல கிராமம்’ 1976இல், வேதநாயகம் பிள்ளை நாவலை அச்சிட்ட அதே வயதில். நண்பர்கள் இருவருக்கும் இடையே இருபது ஆண்டுக்கு நெருங்கிய இந்த இடைவெளியைச் சோம்பல் என்று விளக்கிவிட முடியாது. ராஜநாராயணனிடம் இருந்த கரிசல் பேச்சை அச்சில் ஏற்றலாம் என்பதற்கு அதுவரை முன்மாதிரி இல்லை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அந்த மொழி தாராளமாக நடமாடியது. கடிதத்தில் எழுதுவதுபோலவே கதையையும் எழுதினால் என்ன என்று தோன்றிய இடத்தில்தான் எழுத்தாளர் பிறந்தார். பிறகு நிறுத்தவேயில்லை. 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி, 1991இல் ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்குச் சாகித்திய அகாதெமி விருது, இடையில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் பதவி. 2021இல் 97 வயதில் இறக்கும் தறுவாய் வரை எழுதிக்கொண்டிருந்தார்.

தோப்பில் முகமது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், பள்ளியில் படித்தது மலையாளம். அவருக்குத் தமிழ் என்றால் உம்மாவும் வாப்பாவும் பேசிய தமிழ். ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ முஸ்லிம் முரசில் வந்து 1988இல் நூலானபோது அவருக்கு 44. தமிழ்ப் பாடநூலால் திருத்தப்படாத காது அது என்பதால்தான் அந்த நாவலில் ஒரு வாக்கியம்கூட மேடையேறுவதில்லை. 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்கு அகாதெமி விருது கிடைத்தது.

ஹெப்சிபா ஜேசுதாசன் கதையும் இதற்குப் பக்கத்தில் வரும். ஆங்கிலப் பேராசிரியை, உலக நாவல்களையெல்லாம் வகுப்பில் நடத்தியவர். 1964இல், நாற்பதை நெருங்கும்போது, ‘புத்தம் வீடு’ எழுதினார். அதில் இருப்பது பனையேறிக் குடும்பமும் லிஸியும் வீட்டுக்குள்ளே பேசப்படும் குமரித் தமிழும். கப்பல் வணிகத் துறையிலிருந்த உவரிக்காரர் ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ வெளியிட்டது 2004இல், 41 வயதில். விமர்சகராகவே பெயர் பெற்றிருந்த ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தை 52 வயதில் எழுதினார். அதுவரை அவர் கட்டுரைகளில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிண்டல் நாவலில்தான் கால்நீட்டி உட்கார்ந்தது.

எல்லோரையும் இந்த ஒரே கணக்கில் அடைக்க முடியாது. அ. முத்துலிங்கத்துக்குத் திறமை இளமையிலேயே தெரிந்துவிட்டது. 1964இல் ‘அக்கா’ தொகுப்பு வந்தது. பிறகு கணக்காய்வு, ஆப்பிரிக்கா, ஐ.நா. பணி என்று போய், 1995இல் ‘திகடசக்கர’த்தோடு திரும்பினார். முப்பது ஆண்டு மௌனம் அவருக்கு உலகம் முழுக்கக் கதைக்களம் சேர்த்துக் கொடுத்தது.

பெண்களுக்கோ தடை மொழி மட்டும் அல்ல. கேரளத்தில் லலிதாம்பிகா அந்தர்ஜனம் இளமை முதல் சிறுகதை எழுதினார். ஆனால் ஒரே நாவலான ‘அக்னிசாட்சி’ 1976இல், 67 வயதில்தான் வந்தது. அடுப்படிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் சிறுகதைதான் முடிந்தது. நாவலுக்கு வேண்டிய தொடர்ச்சியான நாட்கள் பேரப்பிள்ளைகள் வந்த பிறகே கிடைத்தன என்று ஊகிப்பதில் தவறிருக்காது. அதே கேரளத்தில் தபால் துறையில் வேலை பார்த்த நாராயண், மலையரையர் வாழ்வைக் ‘கொச்சரேத்தி’யாக 1998இல், 58 வயதில் வெளியிட்டார். ஆதிவாசிகளைப் பற்றி வெளியார் எழுதியதைப் படித்த எரிச்சலும் அவர் எழுதியதற்கு ஒரு காரணம்.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? பொருளியலாளர் டேவிட் காலன்சன் 2006இல் வெளியிட்ட நூலில் படைப்பாளிகளை இரண்டாகப் பிரிக்கிறார். முதல் வகையினர் ஒரு கருத்து பளிச்சிட்டதும் அதைச் செய்து முடிப்பவர்கள். இவர்கள் இளமையிலேயே உச்சம் தொடுவார்கள், பிக்காசோவைப் போல. இரண்டாம் வகையினர் தேடித் தேடி, அழித்து அழித்துக் கண்டுபிடிப்பவர்கள். செசானைப் போல இவர்களுக்கு உச்சம் முதுமையில் வரும். கவிஞர்களைவிட நாவலாசிரியர்கள் பிந்தியே உச்சம் அடைகிறார்கள் என்று கீத் சைமன்டன் காட்டியிருக்கிறார். சொல்வளம் அறுபதைக் கடந்தும் பெருகுகிறது என்று 2015இல் வந்த ஹார்ட்ஷார்ன், ஜெர்மின் ஆய்வு சொல்கிறது. இதெல்லாம் தெம்பு தரும் செய்திதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘வயதானால் எழுத வரும்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட் முதல் நாவலை 60 வயதில் வெளியிட்டு, 1979இல் புக்கர் பரிசு பெற்றார் என்று எல்லோரும் சொல்வோம். அதற்கு முன்பே அவர் பத்திரிகையில் எழுதியிருந்தார், இரண்டு வாழ்க்கை வரலாற்று நூல்களை முடித்திருந்தார் என்பதைச் சொல்ல மாட்டோம். ஜப்பானில் 75 வயதில் அகுதகாவா பரிசு வாங்கிய குரோதா நட்சுகோ சின்னப் பெண்ணாக இருந்தபோதே எழுதத் தொடங்கியவர். வெளியே தெரிந்ததுதான் பிந்தி. மேலும், பெயர் தெரிந்தவர்களை மட்டும் எண்ணுகிறோம். ஓய்வூதியத்தில் அச்சடித்து உறவினர்களுக்கு இலவசமாகக் கொடுத்து முடிந்துபோன நாவல்களை யார் எண்ணினார்கள்?

அந்த நாவல்கள் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி நிறையவே எழுதப்படுகின்றன. இப்போது ஐம்பது படி மட்டும் அச்சடித்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் என்று பலர் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள். நான் படித்த கையெழுத்துப் படிகளில் பெரும்பாலானவை இராசேந்திர சோழனைப் பற்றியவை. அநேகமாக முதல் அத்தியாயத்திலேயே மாலை வேளையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் வரும் வீராணம் ஏரிக்கரை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், அந்தக் குதிரை இன்னும் லாயத்துக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

குதிரை வரக்கூடாது என்பதில்லை. பெருங்களூர்க்காரரான அகிலன் ‘வேங்கையின் மைந்த’னுக்கு 1963இல் அகாதெமி விருது பெற்றார். பாலகுமாரன் ஆறு பாகம் ‘உடையார்’ எழுதியும் தீராமல், அறுபதுகளில் ‘கங்கைகொண்ட சோழன்’ எழுதினார். இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது அ. வெண்ணிலாவின் ‘கங்காபுரம்’. வந்தவாசிக்காரர், பள்ளி ஆசிரியை, கவிஞராக அறியப்பட்டவர், சிறுகதைகளும் எழுதியவர். முதல் நாவலை 2018இல், நாற்பதுகளின் பிற்பகுதியில் வெளியிட்டார். கடாரமும் கங்கையும் வென்ற இராசேந்திரனை அவர் முதன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. தந்தையின் நிழலில் காத்திருந்து, 1012இல் இளவரசுப் பட்டம் சூடும்போதே நடுவயதாகிவிட்ட மனிதனின் மனத்தாங்கலை எடுத்துக்கொண்டார். பிந்தி வாய்ப்புப் பெற்றவனின் கசப்பு, வீட்டிலும் வேலையிலும் காத்திருந்து பழகிய எவருக்கும் தெரிந்தது. அரச கதைக்குள்ளும் தன் அனுபவத்துக்கு ஒரு கதவு கண்டுபிடிப்பது இப்படித்தான். குதிரைக்காரர்களிடம் அந்தக் கதவு இல்லை. முப்பத்தைந்து ஆண்டு பட்டா, சிட்டா, அடங்கல் பார்த்த ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒரு வரப்பை நகர்த்த மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது தெரியும். அதை விட்டுவிட்டுப் பார்க்காத யானைப் படையை வருணித்துக்கொண்டிருக்கிறார். வீரமாமுனிவருக்குத் தேம்பாவணி எப்படியோ, இவருக்கு இராசேந்திரன் அப்படி.

கோயிலையே எடுத்துக்கொண்டாலும் சோழர் காலத்தோடு கதை முடிவதில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழேச்சரத்தின் மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தடுக்கப் போன ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு காற்றில் போயிற்று. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் ஆத்திரத்தோடு எழுதி வைத்திருக்கிறார். கீழணை இருக்கும் அணைக்கரைப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே இருக்கும் கல் எந்தக் கோயிலுடையது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. தண்டனை வாங்கியவர்களில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாவலாசிரியருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

அதற்குப் பிறகும் இருக்கிறது. இலையூர், வாரியங்காவல் தறிகள். முந்திரிக்காடு. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் வாழும் சிமெண்டு ஆலைக் கிராமங்கள். பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு, நிலக்கரியும் வராமல் நிலமும் கையில் இல்லாமல் இருபது ஆண்டுக்கு மேல் நீதிமன்றத்துக்கு அலைந்த ஜெயங்கொண்டம் வட்டாரத்துக் குடும்பங்கள். இவற்றில் எதற்கும் ஆவணக் காப்பகம் போக வேண்டியதில்லை. வீட்டில் பேசும் பேச்சே போதும். விருத்தாசலம் பக்கம் கண்மணி குணசேகரன் நடுநாட்டு மண்ணையும் பேச்சையும் வைத்தே எழுதிக் காட்டியிருக்கிறார். எல்லை தாண்டி இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு இன்னும் அப்படி ஒரு கை வந்து சேரவில்லை.

சில கதைகளுக்கு அவசரமும் உண்டு. 1956 நவம்பர் 23 விடியலில், மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருக்க, தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூரை அடுத்து ஆற்றில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அன்று காலை தண்ணீரில் இறங்கியவர்கள், வீட்டுக் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கரையில் நின்று பார்த்த பிள்ளைகள் பற்றி ஒரு நாவல் இல்லை. அப்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது. அவர்கள் மறதிக்குள் போவதற்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அறுபது வயதுக்காரர் ஒருவர் போதும். அவருக்குத்தான் இப்போது நேரமும் இருக்கிறது.